‘ஃபைனல் ஃபேன்டசி 3’ என்று வாங்கியது ஆறாம் பாகமாக இருக்கிறது: இந்த எண் குழப்பம் எப்படி வந்தது?

பனிச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய வீடியோ கேம்களை விற்கும் ஒருவரிடமிருந்து, அமெரிக்காவில் வெளியான சூப்பர் நின்டெண்டோ என்ற கன்சோலுக்கான (தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவி) ‘ஃபைனல் ஃபேன்டசி 3’ கார்ட்ரிட்ஜ் (விளையாட்டு அடங்கிய செருகுபெட்டி) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். நான்கு அநாதைப் பிள்ளைகள் படிகத்தின் அருளைப் பெற்றுப் புறப்படுவதும், போகப் போகத் தங்கள் தொழிலை மாற்றிக்கொள்வதும்தான் மூன்றாம் பாகம் என்று படித்திருந்ததால், அதை எதிர்பார்த்தே கன்சோலில் செருகினேன். ஆனால் திரையிலோ, பனி கொட்டும் இரவில் மூன்று இயந்திரக் கவசங்கள் ஒரு சுரங்க ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தன. விற்றவரிடம் கேட்டதற்கு, “மேலே மூன்று என்றுதானே அச்சடித்திருக்கிறது?” என்றார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

இது உண்மையில் ஆறாம் பாகம் என்று பிறகு அறிந்துகொண்டேன். ஆறு எப்படி மூன்றாயிற்று என்பதை யாராவது விளக்க முடியுமா? அத்துடன், இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மோசமானது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இதையே விளையாடலாமா, புதிய பதிப்புக்குப் போவது நல்லதா?

பழையபெட்டி எழுதியது:

வணக்கம் நண்பரே. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குழப்பம் தானாகவே விலகிவிடும். இந்தத் தொடரை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனம் முதல் பாகத்தை 1987 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது 1990-இல்தான். அதற்குள் ஜப்பானில் 1988-இல் இரண்டாம் பாகமும், 1990 ஏப்ரலில் மூன்றாம் பாகமும் வந்துவிட்டன. அதாவது, அமெரிக்கச் சிறுவன் முதல் பாகத்தின் பெட்டியைப் பிரித்த நாளில், டோக்கியோச் சிறுவன் மூன்றாம் பாகத்தை முடித்துக்கூட இருந்திருப்பான்.

இரண்டாம் பாகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவரும் முயற்சி நடந்தது. ஒரு முன்மாதிரிக் கார்ட்ரிட்ஜும் தயாரானது. ஆனால் 1991 ஆகஸ்டில் சூப்பர் நின்டெண்டோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. புதிய கன்சோல் வந்த பிறகு பழையதற்காக நீண்ட ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) ஒன்றை மொழிபெயர்ப்பது வீண் செலவு என்பதால், இரண்டும் மூன்றும் அப்போது கடல் தாண்டவே இல்லை. அடுத்து 1991 ஜூலையில் ஜப்பானில் வந்த நான்காம் பாகத்தை அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்றபோது, அங்குள்ளவர்கள் ஒன்றைத்தானே பார்த்திருக்கிறார்கள் என்று அதற்கு ‘2’ எனப் பெயரிட்டார்கள். 1992-இல் வந்த ஐந்தாம் பாகமும் ஜப்பானிலேயே நின்றுவிட்டது. ஆகவே 1994 ஏப்ரலில் ஜப்பானிலும், அக்டோபரில் அமெரிக்காவிலும் வெளியான ஆறாம் பாகம் அங்கே ‘3’ ஆயிற்று.

1997-இல் ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோதுதான் உலகமெங்கும் ஒரே எண்ணைப் போட்டார்கள். மூன்றுக்குப் பிறகு நேரே ஏழைக் கண்ட அமெரிக்கர்கள், நடுவில் மூன்று விளையாட்டுகளைத் தாங்கள் தவறவிட்டுவிட்டதாகத் திகைத்தார்கள். அவர்கள் தவறவிட்டதும் மூன்றுதான், ஆனால் அவை நடுவில் இல்லை: இரண்டு, மூன்று, ஐந்து.

ஐரோப்பாவின் கதை இதைவிடப் பாவம். ஏழுக்கு முன் எண்ணிட்ட எந்தப் பாகமும் அங்கே விற்பனைக்கு வரவில்லை. ஆறாம் பாகம் அவர்கள் கைக்கு வந்தது 2002-இல், பிளேஸ்டேஷன் மறுவெளியீடாக.

உயிர்மெய் எழுதியது:

எண்ணைப் பற்றி மேலே உள்ள நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அதை மோசம் என்பவர்கள் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருந்த நெருக்கடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜப்பானியக் கானா எழுத்து நம் உயிர்மெய்யைப் போன்றது. ஓர் அசைக்கு ஓர் எழுத்து. ‘சகுரா’ என்பதை நாம் மூன்று எழுத்தில் எழுதுகிறோம், அவர்களும் மூன்றில் எழுதுகிறார்கள், ஆங்கிலத்திலோ ஆறு எழுத்து வேண்டும். இதில் ஒரு முழுச் சொல்லையே கான்ஜி எனப்படும் ஓரிரு சீன வழி எழுத்துகளில் அடக்கிவிடும் வசதியும் ஜப்பானியத்துக்கு உண்டு. அந்த எழுத்துகளுக்கென்று அளந்து அமைத்த பட்டியல்களிலும் உரையாடல் பெட்டிகளிலும் ஆங்கிலத்தைத் திணிக்கும்போது, பொருளை வெட்டாமல் வேறு வழியில்லை. நெருப்பு மந்திரத்தின் மூன்று நிலைகள் ஜப்பானியத்தில் ஃபைரா, ஃபைகா என்று விகுதி மாறிப் படிப்படியாக வளரும். அமெரிக்கப் பதிப்பில் அவை ஃபயர் 2, ஃபயர் 3 என்று கடைச் சரக்கு எண்ணைப் போல ஆகிவிட்டன. பாத்திரங்களின் பெயருக்கோ ஆறு எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. ஆறாம் பாகத்தின் கார்ட்ரிட்ஜ் மொத்தமே 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட். ஓவியம், இசை, 14 பாத்திரங்களின் கதை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்த டெட் வூல்ஸிக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ 30 நாள். அதற்கு மேல் அன்றைய அமெரிக்க நின்டெண்டோவின் கட்டுப்பாடுகள் வேறு: மதம், மது, ஆபாசம் எதுவும் தெரியக்கூடாது. எனவே மதுக்கடைகள் காபிக் கடைகளாயின. ‘புனிதம்’ எனப் பொருள்படும் ஹோலி மந்திரம் ‘முத்து’ எனப் பெயர் மாறியது. கதாநாயகியின் பெயர் ஜப்பானியத்தில் டீனா. ஜப்பானியர் காதுக்கு அது அயல்நாட்டு மணத்தோடு ஒலிக்கும், ஆனால் அமெரிக்காவில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர். அந்த அயல்தன்மை போய்விடக்கூடாது என்பதற்காகவே வூல்ஸி அவளுக்கு டெர்ரா என்று பெயர் வைத்தார். சொல்லைக் கைவிட்டு, அது தந்த உணர்வைக் காப்பாற்றிய இந்த முடிவை நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

கடைசிநிலை எழுதியது:

உயிர்மெய் அவர்கள் வூல்ஸிக்காகச் சற்று அதிகமாகவே வாதாடுகிறார் என்று நினைக்கிறேன். நெருக்கடி இருந்தது உண்மைதான். ஆனால் நெருக்கடிக்குத் தொடர்பில்லாத மாற்றங்களும் இருக்கின்றன. கதையில் வரும் ஃபிகரோ கோட்டை மணலுக்குள் மூழ்கித் தப்பியதும் வில்லன் கெஃப்கா ஆத்திரத்தில் ‘நீர்மூழ்கிக்காரன் மகனே’ என்று திட்டுவான். அது மூலத்தில் இல்லாதது. அதைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். ஆனால் வில்லன் ஒருவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தம் நகைச்சுவையை ஊட்டினால், நாம் அறிந்துகொள்வது யாருடைய கெஃப்காவை?

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு, ஓபரா காட்சியை வைத்து ஒப்பிடச் சொல்வேன். படைத்தளபதியாக இருந்த செலஸ், பாடகியின் இடத்தில் மேடையேறுகிறாள். ஒப்பனை அறையில் பாடல் வரிகளை நாமே படித்து மனத்தில் வைத்துக்கொண்டு, மேடையில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நிழலுருவான காதலனோடு ஆடி, மலர்க்கொத்தை எடுத்துக்கொண்டு மாடத்துக்கு ஏற வேண்டும். சூப்பர் நின்டெண்டோவில் மனிதக் குரல் கிடையாது. இசையமைப்பாளர் நோபுவோ உவெமாட்சுவின் மெட்டுக்கு ஏதோ ஒரு செயற்கை ஒலி ‘ஆ’ என்று இழுக்கும், வரிகள் கீழே எழுத்தில் ஓடும். 2022-இல் வந்த பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பில் அதே காட்சியை உண்மையான பாடகர்கள், மொழிக்கு ஒருவராக, பாடுகிறார்கள். மொழிபெயர்ப்பும் மூலத்துக்கு நெருக்கமானது; 2007-இல் அமெரிக்காவுக்கு வந்த கேம்பாய் அட்வான்ஸ் (கையடக்கக் கன்சோல்) பதிப்பிலேயே பெரும் திருத்தங்கள் தொடங்கிவிட்டன.

கதை வேண்டுமானால் ரீமாஸ்டருக்குப் போங்கள். ஆனாலும் ஓபராவை ஒருமுறையாவது உங்கள் கார்ட்ரிட்ஜில் கேளுங்கள். குரலே இல்லாத அந்தக் குரலில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

பனிச்சாரல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கார்ட்ரிட்ஜிலேயே தொடங்குவது என்று முடிவு செய்து, நேற்று இரண்டு மணி நேரம் விளையாடிச் சேமித்தேன். இன்று காலை திறந்தால் சேமித்த இடம் காலியாக இருக்கிறது. இதற்கும் ஏதாவது வரலாறு உண்டா?

பழையபெட்டி எழுதியது:

உண்டு, ஆனால் சிறியது. சேமிப்பை உயிரோடு வைத்திருப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. அது முதல்நாள் இட்டதாகவே இருந்தால் வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சிஆர் 2032 வகை, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் பற்றவைப்பதற்கு வசதியாகத் தகடு பொருத்தியதைக் கேட்டு வாங்குங்கள். கார்ட்ரிட்ஜின் திருகாணிகளும் வழக்கமான வகை அல்ல, அதற்கென்று தனித் திருப்புளி வேண்டும்.