குழாயை எடுத்த பிறகும் அம்மாவுக்கு ஏன் மாஸ்க்?

தண்டையார்பேட்டை மகள்:
அம்மாவுக்கு 58 வயது, எடை 124 கிலோ. நிமோனியாவில் வென்டிலேட்டரில் இருந்தார், இன்று காலை தொண்டைக் குழாயை எடுத்தார்கள். எடுத்த கையோடு, காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளும் பைபாப் மெஷினின் மாஸ்க்கை முகத்தை இறுக்கி மாட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் 95 காட்டுகிறதே, அப்புறம் எதற்கு? அம்மா கையை ஆட்டி ஆட்டிக் கழற்றச் சொல்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு, "மாஸ்க் வந்தாலே அடுத்து மறுபடியும் குழாய்தான்" என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள்.

ஐசியூ சிஸ்டர்:
மறுபடியும் குழாய் போடாமல் இருக்கத்தான்மா அந்த மாஸ்க்கே. உடம்பு பருமனாக இருப்பவர்கள் மல்லாந்து படுத்தால் வயிற்றின் கனம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையை, மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி அமுங்கி மூடிக்கொள்ளும். மூடினதை வெறும் ஆக்சிஜன் திறக்காது, காற்றின் அழுத்தம்தான் திறந்து வைக்கும். திணறல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே போட்டது நல்லதுதான். தலைமாட்டை உயர்த்தியே வைக்கச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வாசகன்:
பிரான்சில் 39 ஐசியூக்களில், குழாய் எடுத்த பருமனான நோயாளிகள் 981 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்தது. முதல் மூன்று நாளில் சிகிச்சை கைகொடுக்காமல் போனது இந்த மாதிரி மாஸ்க் போட்டவர்களில் 13.5 சதவீதம், ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் 26.5. ஆனால் அந்தக் கணக்கில் மறுபடி குழாய் போட்டது மட்டுமில்லை, வேறு முறைக்கு மாற்றியதும் சேர்த்தி. அதனால் மாஸ்க் போட்டாச்சு, இனி பயமே இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள்.

ராயபுரம் ரவி:
எங்கப்பா வீட்டிலேயே பைபாப் போட்டுத்தான் தூங்குகிறார். மூக்குத் தண்டில் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள், சிவந்தால் அங்கே ஒட்ட மெத்தென்ற பட்டை இருக்கிறது, சிஸ்டரிடம் கேளுங்கள். பாவமாக இருக்கிறதே என்று மாஸ்க்கைத் தூக்கி நீங்களாகத் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், புரை ஏறும். அம்மா குறட்டை விடுவாரா?

தண்டையார்பேட்டை மகள்:
தெருமுனை வரை கேட்கும் அண்ணா. பகலிலும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி விழுவார்.

ஐசியூ சிஸ்டர்:
இதை இப்போதே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம், விரலில் மாட்டும் கருவி அதைக் காட்டாது, தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனைதான் காட்டும். 95 போதாது, ஆக்சிஜனை ஏற்றுங்கள் என்று சண்டை போடாதீர்கள், தேவைக்கு மேல் போனால் அந்தத் தேக்கம் இன்னும் கூடும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் போகும்முன், தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி நெஞ்சக நோய் ஓபியிலும் விசாரிக்கலாம்.

ராயபுரம் ரவி:
வீட்டுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். நம்ம ஏரியாவில் மழை வந்தால் கரண்டு போகும்.