ஆடிக் காற்றில் 8 சதுர மீட்டர் லிஃப்டர் பட்டம்: நங்கூரம், இறக்கும் முறை

தரங்கை_மணல்:
வணக்கம். 8 சதுர மீட்டர் ஃப்ளோஃபார்ம் பட்டம் (குச்சியில்லாமல், காற்று நிரம்பி விரியும் துணிப் பட்டம்; கயிற்றில் மற்றதைத் தூக்கும் லிஃப்டர்), 60 மீட்டர் பாலியெஸ்டர் கயிறு, அதில் தொங்கவிட 6 மீட்டர் நீளத் துணிக் காற்றுப்பை ஒன்று. ஆடி மாதம் தரங்கம்பாடிக் கடற்கரையில் காலையில் ஏற்ற எண்ணம். காற்று 30 முதல் 35 கி.மீ. வேகம். ஒரு மணல் மூட்டை நங்கூரத்துக்குப் போதுமா? இறக்குவது எப்படி? கூட இரண்டு பேர் இருப்பார்கள்.

வடக்கயிறு:
தம்பி, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். உங்க பட்டம் 18 கி.மீ. காற்றில் சுமார் 12 கிலோ இழுக்கும். 36 கி.மீ.யில் 50 கிலோவை நெருங்கும். திடீரென்று 50 கி.மீ. வீச்சு ஒன்று வந்தால் 95 கிலோ. ஆடிக் காற்று சீராக வீசாது, விட்டு விட்டு அடிக்கும். அதனால் கயிறு, கொக்கி, நங்கூரம் எல்லாமே அந்த உச்ச வீச்சுக்குத் தாங்கணும்.

கயிற்றின் தாங்கும் பலம் 300 கிலோவுக்குக் குறையக்கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகக்கூடக் குறையும். நைலான் வேண்டாம்; நீண்டுகொடுக்கும், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும்.

மூட்டையை மணல்மேல் சும்மா வைத்தால் போதாது. கயிறு மேல்நோக்கி இழுப்பதால் மூட்டையின் எடை பாதி அதிலேயே போய்விடும், மிச்சமும் சறுக்கும். இரண்டு சிமெண்ட் சாக்கில் ஈரமணல் நிரப்பி, பட்டையால் சேர்த்துக் கட்டி, முக்கால் மீட்டர் ஆழத்தில் புதையுங்க. கயிறு வெளியே வரும் பக்கம் பட்டத்தைப் பார்த்த சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டிவிடணும். செங்குத்தாக வெளியே வந்தால் மூட்டையைத் தூக்கிவிடும். ஃபைபர் படகில் கட்டவே கூடாது. விளிம்பில் உரசிக் கயிறு அறும், படகு மற்றவர் பிழைப்பு.

சோழகம்:
வடக்கயிறு அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் இதில் பெரிய சிக்கல் நங்கூரம் இல்லை, இடம்.

பெரிய பட்டத்தைக் கையால் சுற்றி இறக்க முடியாது. ஒரு கப்பியைக் கயிற்றின்மேல் மாட்டி, அதன் கொக்கியைப் பிடித்தபடி இருவர் பட்டத்தை நோக்கி நடக்க வேண்டும். நடக்க நடக்கக் கயிறு தரையோடு படிந்து பட்டம் கீழே வரும். பட்டம் கைக்கு எட்டும்போது நங்கூரத்திலிருந்து கிட்டத்தட்ட முழுக் கயிற்றின் தூரம், அதாவது 60 மீட்டர், நடந்திருப்பீர்கள். ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்த 60 மீட்டரில் பெரும்பகுதி தண்ணீரில் இருந்தால் எப்படி இறக்குவீர்கள்? அறுந்தாலும் பட்டம் கடலுக்குத்தான்.

மேற்குக் காற்று கோட்டையையும் வீடுகளையும் சவுக்குத் தோப்பையும் தாண்டித்தான் கரைக்கு வருகிறது. 10 மீட்டர் உயரத் தடைக்குப் பின்னால் 100 மீட்டர் வரையாவது காற்று சுழலும். பட்டம் திடீரெனத் துவண்டு விழுந்து மறுபடி வெடுக்கென இழுக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே புகுந்தால் திசையே தலைகீழாக மாறும்.

சித்திரை, வைகாசியில் சோழகக் காற்று கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வீசும். நடக்க நீள மணல் கிடைக்கும். பெரிய பட்டத்தை அப்போதைக்கு வைத்துக்கொண்டு, ஆடியில் 2.5 சதுர மீட்டர் பட்டம் ஏற்றுங்கள். 36 கி.மீ. காற்றில் அது 15 கிலோதான் இழுக்கும்.

தரங்கை_மணல்:
நன்றிங்க. தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வெளியில் ஏற்றலாமா?

வடக்கயிறு:
தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கு, அந்தப் பக்கமே வேண்டாம். 1934 விமானச் சட்டத்திலேயே பட்டமும் வானூர்தி வரையறைக்குள் வந்துவிட்டது. ஆடியில் வயலில் குறுவை நிற்கும். சம்பா அறுப்பு முடிந்த மாசியில், மின்கம்பி எதுவும் கயிற்று நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் இல்லாத தரிசாகப் பாருங்க. அங்கே டிராக்டரின் பின்கொக்கி நல்ல நங்கூரம்; சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை எடுத்துடுங்க.

சோழகம்:
கோடியக்கரைச் சரணாலயப் பக்கமும் கூடாது, பறவைகள் வரும் இடம். எந்தக் கடற்கரையானாலும் முன்கூட்டியே மீனவப் பஞ்சாயத்தில் சொல்லிவிடுங்கள்.

இறக்கும்போது தோல் கையுறை கட்டாயம், கயிற்றைக் கையில் ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. முதலில் காற்றுப்பையைக் கழற்றுங்கள். பட்டம் எட்டியதும் ஒரு ஓரத்துச் சூத்திரக் கயிறுகளை (பட்டத் துணியை முதன்மைக் கயிற்றோடு இணைப்பவை) மட்டும் சேர்த்து இழுத்தால் காற்று வெளியேறித் துணி மடங்கும். இன்னொருவர் உடனே அதன்மேல் மணலை அள்ளிப் போட வேண்டும். மேற்கே இடி கேட்டால் மழைக்குக் காத்திருக்காதீர்கள். மழைக்கு முன்னால் வரும் காற்றுதான் கயிற்றை அறுப்பது, நனைந்த கயிறு மின்னலையும் இறக்கும்.