அரசு ரக நெல் விதையை ஊராருக்கு விற்கலாமா?

மன்னார்குடி விவசாயி:
சம்பாவுக்கு சிஆர் 1009 சப்1 என்ற அரசு நெல் ரகம் நட்டேன். பத்து நாள் வெள்ளத்தில் மூழ்கியும் பயிர் தப்பியது. பக்கத்து ஊரார் விதை கேட்கிறார்கள். "ரகத்தின் உரிமை ஆராய்ச்சி நிலையத்துக்கு, விற்றால் வழக்கு வரும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

ஓய்வுபெற்ற விதை அலுவலர், திருவாரூர்:
பயப்படாதீர்கள் ஐயா. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001, பிரிவு 39: பதிவு பெற்ற ரகமானாலும் உழவர் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். ரகப் பெயர் அச்சிட்டு, வணிக விதையாகப் பையில் அடைத்து விற்பதுதான் கூடாது.

கும்பகோணம் வாசகி:
அப்படியானால் நிலையத்துக்கு வரவு எங்கிருந்து?

விதை அலுவலர்:
பதிவு செய்த நெல் ரகத்துக்கு உரிமை 15 ஆண்டு, அம்மா. விதை நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தால் கட்டணம் வரும். ஆனால் அந்தத் தொகைதான் ரகத்தின் மதிப்பு என்றால் எனக்குக் கோபம் வரும். மூழ்கியும் பிழைத்த வயலை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வெள்ளத்தைத் தாங்க வைக்கும் சப்1 மரபணுவே ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து எடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம் தந்தது. அதைக் காத்த உழவர்களின் பங்கையும் கணக்கில் சேருங்கள்.

மன்னார்குடி விவசாயி:
நன்றி ஐயா. நாளை வெறும் சாக்கில் அளந்து கொடுக்கிறேன்.