பொருள்: டைனோதுரோம்பியம் – "பெருமூதாய்" எனலாமா?

> "இராட்சத வெல்வெட் சிற்றுண்ணி" என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் புரியும்.

ஐயா, வணக்கம். மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி வகைகளுள் ஒரு பேரினம் (genus) டைனோதுரோம்பியம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயரைத் தேடுகிறோம். நீங்கள் சொன்ன பெயர் புரியும் என்பது சரிதான். எனக்குத் தயக்கம் "உண்ணி" என்ற சொல்லில். மாட்டின் காதில் ஒட்டி இரத்தம் குடிப்பதைத்தான் ஊரில் உண்ணி என்கிறோம். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் ஊரும் இந்தச் சிவப்புப் பூச்சியைச் சிறுவயதில் உள்ளங்கையில் வைத்திருப்போம். தொட்டவுடன் கால்களை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு பட்டுப் பொத்தான் மாதிரி கிடக்கும். கையை ஆட்டாமல் காத்திருந்தால் மெல்லக் கால் நீட்டி விரலிடுக்கில் இறங்கும். அதைப் போய் உண்ணி என்று எழுத மனம் வரவில்லை.

"பேன்" என்பதும் ஒத்துவராது. பேன் ஆறுகால் பூச்சியினம். இதுவோ எட்டுக்காலுடன் சிலந்தி, தேள் இருக்கும் வகுப்பைச் சேர்ந்தது.

துரோம்பிடியம் என்ற பேரினத்தை ஃபேப்ரிசியஸ் 1775இல் அமைத்தார். டைனோதுரோம்பியத்தை நெதர்லாந்து விலங்கியலாளர் ஔடமன்ஸ் 1910இல் தனிப் பேரினமாகப் பிரித்தார். நம் நாட்டுப் பூச்சியைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இரண்டு பேரினப் பெயரும் புழங்குகின்றன. ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஒரு வேர்ச்சொல் இருந்தால் நல்லது.

அந்த வேர்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. அகநானூற்றின் 14ஆம் பாட்டில், உதிர்ந்த காயாம்பூவின் மேல் "ஈயன் மூதாய்" ஊர்வது பவளமும் நீலமணியும் கலந்தது போல் இருக்கிறது. மூதாய் என்றால் தம்பலப்பூச்சி, இந்திரகோபம். முன்னால் "ஈயன்" என்று புணர்ந்து நிற்கும் "ஈயல்" (ஈசல்) என்ற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கலிபோர்னியப் பாலைவனத்தில் வாழும் டைனோதுரோம்பியம் பாண்டோரே ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும். மழைக்குப் பின் சில மணி நேரம் மட்டும் மேலே வரும். அதே வேளையில் பறந்து விழும் ஈசல்தான் அதன் இரை. மழை, ஈசல், மூதாய் மூன்றையும் நம் முன்னோர் ஒரே காட்சியாகப் பார்த்துத்தான் பெயரில் ஈயலைச் சேர்த்தார்கள் என்று நான் படிக்கிறேன்.

ஆகவே என் முன்மொழிவு: துரோம்பிடியம் – மூதாய், டைனோதுரோம்பியம் – பெருமூதாய். "டைனோ" என்பது டைனோசரில் வரும் அதே கிரேக்கச் சொல், அஞ்சத்தக்கது என்று பொருள். "கொடுமூதாய்" என்று நேராக மாற்றலாம்தான். ஆனால் பஞ்சுபோன்ற இந்த உயிருக்குக் கொடுமை பொருந்தாது.

> பெருமூதாய் பிடித்திருக்கிறது. ஆனால் தம்பலப்பூச்சி என்பதை விட்டுவிடலாமா? வெற்றிலை மென்ற சிவப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறதே. இன்னொன்று, இதன் குஞ்சு வெட்டுக்கிளியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். அப்படியானால் உண்ணி என்பது முழுத் தவறு ஆகாதே?

அம்மா, நல்ல இடத்தில் தொட்டீர்கள். முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு ஆறே கால்கள். அந்தப் பருவத்தில் அது ஒட்டுண்ணிதான். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து மண்ணில் அசையாமல் கிடக்கும். அப்புறம் எட்டுக்காலோடு இரை தேடும் இளரி (முதிராத இளம்பருவம், nymph). மறுபடி ஓர் அசையாப் பருவம். அதன் பிறகே முதிர்ந்த பூச்சி. இந்த வரிசையில் குடம்பியை மட்டும் "மூதாய் உண்ணி" என்று குறிக்கலாம். நடமாடும் மூன்று பருவத்துக்கு மூன்று பெயர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

தம்பலப்பூச்சியை விடவே கூடாது. அது மக்கள் வழக்குப் பெயராக அப்படியே இருக்கட்டும். மூதாயும் பெருமூதாயும் பேரினப் பெயர்கள். மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அசையாப் பருவத்துக்கு "உறங்கிளரி" சரிவருமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.