வளைவிற்பொறி மாதிரியில் நாண் தானாக விட்டுவிடுகிறது: பூட்டு எங்கே போடுவது?

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களோட சேர்ந்து கடலூர்ல ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு வளைவிற்பொறி, அதாவது எந்திர வில் செய்துகிட்டிருக்கேன். சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில மதுரைக் கோட்டைக் காவலைச் சொல்ற இடத்துல ‘மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்’னு வரும். அதைக் கையால செஞ்சு பார்க்கணும்னு பிள்ளைங்களுக்கு ஆசை. உள்ள எப்படி இருந்துச்சுன்னு பாட்டுல இல்ல. அதனால உள்ளமைப்புக்குக் குறுக்குவில் (கட்டை மேல வில்லைக் குறுக்கா மாட்டினது) முறையை எடுத்துக்கிட்டோம்.

பூவரசங்கட்டை, மூங்கில் வில், நைலான் நாண். நாணைப் பிடிக்க ஒரு சுழல் உருளை. உருளையோட அடிப்பள்ளத்துல ஒரு தாங்கி வந்து முட்டி நிக்கும். தாங்கியைக் கீழ இறக்குறதுக்கு விரலால இழுக்கற விசை (ட்ரிகர்). அம்பு முனையில ரப்பர் பந்து. மீன் தராசுல மாட்டி இழுத்ததுல முழு இழுப்புக்கு 8 கிலோ காட்டுச்சு.

போன செவ்வாய்க்கிழமை நாண் ஏத்தி மேசை மேல வச்சிருந்தோம். பக்கத்துல யாரோ பெஞ்சை இழுத்தாங்க, யாரும் தொடாமலே விட்டுடுச்சு. ஒரு பையனோட கட்டைவிரல் நாண் போற வழியில இருந்துச்சு, நகம் கறுத்துப்போச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. மறுநாள் விசை அசையாதபடி ஆணி செருகினேன். அப்பவும் ரெண்டு தடவை விட்டுடுச்சு. விசை நகரவே இல்ல, நாண் மட்டும் எப்படிப் போகுது?

செம்மண்டலம் லேத்:
சார், மொதல்ல வேலையை நிறுத்திட்டு நாணைக் கழட்டி வச்சிடுங்க. ரெண்டு விஷயம் சொல்லுங்க. தாங்கியும் விசையும் ஒரே துண்டா, தனித்தனியா? உருளையோட அடிப்பள்ளத்தை எதால வெட்டினீங்க?

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
தனித்தனி. நடுவுல ஸ்பிரிங். பள்ளம் ஹாக்ஸா பிளேடுல வெட்டி அரம் போட்டது.

செம்மண்டலம் லேத்:
அப்போ கோளாறு அங்கதான். நாண் உருளையை முன்னால சுத்தப் பார்க்கும். அந்த பலம் முழுக்கத் தாங்கியோட மூக்குல வந்து விழும். பலம் போற திசை, தாங்கி சுத்தற அச்சு ஆணி (பின்) இருக்கற இடத்து வழியாப் போகணும். அப்படிப் போனா எவ்வளவு இழுத்தாலும் தாங்கி திரும்பாது. பள்ளத்து முகம் சாய்வா இருந்தா, நாணே தாங்கியைக் கீழ தள்ளிக்கிட்டு இருக்கும். பிடிச்சு நிக்கறது உராய்வும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். பெஞ்சு அதிர்ச்சி போதும், கழண்டுக்கும். நீங்க ஆணி அடிச்சது விசைக்கு. நாணைப் பிடிக்கிறது தாங்கி, அதுக்குப் பூட்டே இல்லையே.

வில்லை மாட்டாம சோதிங்க. கட்டையை பெஞ்சுல கிளாம்ப் போட்டு, உருளையில கயிறு கட்டி, 10 லிட்டர் தண்ணி கேனைத் தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல தொங்க விடுங்க. அப்புறம் தாங்கி ஸ்பிரிங்கைக் கழட்டுங்க. ஸ்பிரிங் இல்லாமலே கேன் நின்னா கோணம் சரி. விழுந்தா முகத்தை அரம் போட்டுத் திருத்தணும். மூக்கு பள்ளத்துக்குள்ள 2 மி.மீ.யாவது இறங்கி இருக்கட்டும்.

பூட்டை உருளைக்கே போடுங்க. பக்கத்துத் தகடு ரெண்டுலயும் உருளையிலயும் நேரா ஒரு துளை, 6 மி.மீ. கம்பி. நாண் முழுசா ஏறினாத்தான் மூணு துளையும் ஒரே கோட்டுல வரணும். கம்பிக்குப் பின்னால ஸ்பிரிங் வச்சிடுங்க, நாண் ஏறின நொடியே அதுவா உள்ள போயிடும். கடையில விக்கிற குறுக்குவில் நெறைய மாடல்ல நாண் ஏத்தினதும் பூட்டு தானா விழறது இதுக்குத்தான். பிள்ளைங்க ஞாபகமாப் போடுவாங்கன்னு விடக்கூடாது சார்.

இன்னொண்ணு. கம்பி இறுகலா வந்தா இழுக்கவே இழுக்காதீங்க. தாங்கி உட்காரல, பாரம் கம்பி மேல நிக்குதுன்னு அர்த்தம். நாணைப் பின்னால பிடிச்சுக்கிட்டு மொதல்ல பாரத்தை இறக்குங்க.

முத்தியால்பேட்டை தச்சு:
வாத்தியாரய்யா, கட்டை பத்தி ஒரு வார்த்தை. தாங்கியோட அச்சு ஆணி வெறும் மரத்துல சுத்துதா? ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஊதும், தாங்கி இறுகி முழுசா மேல ஏறாது. பாதி மூக்குல நிக்கும், பார்த்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். பித்தளை புஷ் (ஆணி சுத்தற சின்னக் குழாய்) போடுங்க, ரெண்டு பக்கமும் வாஷர் விடுங்க. தாங்கி மூக்கு தெரியறாப்புல பக்கத்துல ஒரு துளையும் போட்டுடுங்க. நாண் ஏத்தினதும் கண்ணால பார்த்துக்கலாம்.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி, அந்தப் பையன் விரலை யாரும் பேசலையே. முன்கையால பிடிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு, நாண் ஓடற மட்டத்துக்கு விரல் ஏறவே முடியாம பண்ணுங்க. பூட்டு தப்பினாலும் கை தப்பும். அம்பு இல்லாம விடறதையும் தடுக்கணும். அம்பு வாங்கிக்க வேண்டிய சக்தி வில்லுலயே தங்கிடும், மூங்கில் பிளந்து சிம்பு தெறிக்கும். உருளைக்கு முன்னால ஒரு சின்னக் கொக்கி வச்சு, அம்போட வால் வந்து தூக்கினாத்தான் நாணுக்கு வழி விடற மாதிரி செய்ங்க.

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. கேன் சோதனையில ஸ்பிரிங்கைக் கழட்டின உடனே விழுந்துடுச்சு. வெறும் கண்ணுக்கே சாய்வு தெரிஞ்சுது, இத்தனை நாள் எப்படிக் கவனிக்காம விட்டேனோ. முகத்தைத் திருத்தினேன், இப்போ ஸ்பிரிங் இல்லாமலே நிக்குது. புஷ், பார்வைத் துளை, பக்கப் பலகை எல்லாம் முடிஞ்சுது. நாண் ஏத்தி, பூட்டை எடுத்துட்டு, பிள்ளைங்க யாரும் இல்லாத நேரத்துல மரச்சுத்தியலால கட்டையை 20 தடவை தட்டினேன், அசையல. அக்கா சொன்ன கொக்கி ரெண்டு முயற்சிக்கு அப்புறம்தான் சரியா வந்துச்சு, வால் கனம் கொஞ்சம் கூட வேண்டியிருந்துச்சு.

பூட்டு ஸ்பிரிங் மட்டும் நாலே நாள்ல துரு பிடிச்சிடுச்சு. எண்ணெய் போட்டா போதுமா?

செம்மண்டலம் லேத்:
கடல் காத்துக்கு எண்ணெய் நிக்காது சார். துறைமுகத்துப் பக்கம் படகு சாமான் கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கேளுங்க. பழசையும் கையில எடுத்துட்டுப் போங்க, கம்பித் தடிமன் அதே இருக்கட்டும். மாத்தினதும் சுத்தியல் சோதனையை இன்னொரு வாட்டி பண்ணிட்டு அப்புறம் பிள்ளைங்ககிட்ட குடுங்க.