பெட்டி இழுக்கிற சனல் வெடிச்சிட்டு, எந்த வெல்டிங் அடிக்கலாம்?

படுவான்கரை உழவன்:
எல்லாருக்கும் வணக்கம். நாலு சில்லு மெசினில (ட்ரக்டரில) கொழுவி இழுக்கிற பெட்டிக்கு முன்னுக்குள்ள ரெண்டு சனல்ல (நடுச்சுவரும் ரெண்டு விளிம்பும் உள்ள ‘ப’ மாதிரி இரும்புச் சட்டம்) இடப்பக்கத்துச் சனல் வெடிச்சிட்டு. மெசினில கொழுவிற வளையத்தில இருந்து ஒரு முழம் பின்னுக்கு, குறுக்குத் தகடு ஒட்டின ஓரத்தில தொடங்கி, கீழ் விளிம்பைத் தாண்டி நடுச்சுவரில ஒரு விரல் நீளத்துக்கு ஏறியிருக்கு. சனல் 6 மில்லிமீற்றர் தடிப்பு. போன வருசம் ஒரு கடையில இதே இடத்துக்கு வெல்ட் அடிச்சுத் தந்தாங்க, மேலால பார்க்க வடிவா இருந்திச்சு. இப்ப அந்த ஒட்டுக்குப் பக்கத்தாலேயே விட்டிருக்கு.

வெள்ளாமை வெட்டு வருகுது. நெல்லு மூட்டை ஏத்தி கிறவல் ரோட்டால கொக்கட்டிச்சோலைக்கு வரவேணும். பள்ளிக்கூடம் விடுற நேரம் பிள்ளைகள் சைக்கிள்ல அந்த ரோட்டாலதான் போறாங்க. பாரத்தோட பெட்டி கழண்டா எண்டு நினைக்கவே நெஞ்சு பதறுது. ஒருத்தர் கேஸ் நெருப்பால உருக்கிற வெல்டிங் எண்டுறார், ஒருத்தர் சீஓடூ (கம்பி ஓட ஓட கேஸ் மூடி அடிக்கிறது), ஒருத்தர் ரொட்டால அடிக்கிற கரண்ட் வெல்டிங். எதைச் செய்ய?

கல்முனைத் தம்பி:
சீஓடூ அடிங்க அண்ணன். கசடு தட்டுற வேலை இல்ல, கெதியா முடியும், ஒட்டும் சுத்தமா இருக்கும்.

சம்மாந்துறைப் பட்டறை:
உழவன் தம்பி, முதல்ல இரும்பைப் பாருங்க. சனல் கரி குறைஞ்ச இரும்பு, எந்த வெல்டிங்கும் பிடிக்கும். முன்னுக்குள்ள வளையம் அப்படியில்ல, அதில கரி கூட இருக்கலாம். வெடிப்பு வளையத்துக்குள்ள போயிருந்தா ஒட்டப் பார்க்காதீங்க, வளையத்தையே மாத்துங்க.

கேஸ் வேணாம். சூடு பரவி சனலை முறுக்கி விட்டுடும். பித்தளை ஒட்டு அறவே வேணாம். அதில இரும்பு உருகிறதே இல்ல. மறுகா அதே இடத்தில கரண்ட் வெல்ட் அடிச்சா பித்தளையில உள்ள செம்பு இரும்புக்குள்ள இறங்கி வெடிக்க வைக்கும்.

சீஓடூ நல்ல வேலைதான், மெசின் பெரிசா இருந்தா. கன பட்டறைகள்ல கிடக்கிறது 0.8 மில்லிமீற்றர் கம்பி ஓடுற சின்ன வெல்டிங் மெசின். 6 மில்லிமீற்றர் இரும்பில அது மேலால படிஞ்சு கிடக்கும், உள்ளுக்கு உருகிப் பிடிக்காது. பெட்டியை வாசல்ல வெச்சு அடிச்சா ஒட்டை மூடி நிக்கிற கேஸைக் காத்து தள்ளிடும், ஒட்டுக்குள்ள ஊசி ஊசியா ஓட்டை விழும். கச்சான் காத்து வீசுற மாசத்தில நான் வெளியில சீஓடூ தொடுறதே இல்ல.

உங்கட வேலைக்கு ரொட் வெல்டிங், அதான் கரண்ட் வெல்டிங், 7018 எண்ட நம்பர் ரொட். எல்லா ஹாட்வெயார்லயும் கிடைக்கிற 6013 கேட்டுக்கும் கிறாதிக்கும் நல்லம். பாரம் இழுத்துக் குலுங்கிற இடத்துக்கு 7018தான் தாங்கும், அதிண்ட பூச்சு, ஒட்டை வெடிக்க வைக்கிற ஐதரசனை உள்ளுக்கு விடாது. ஆனா ஈரம் குடிச்சா அந்தக் குணம் போயிடும். நம்மட கடல்காத்தில திறந்து கிடந்த ரொட்டை வாங்காதீங்க. சீல் உடைக்காத சின்னப் பக்கெற் வாங்கி, உடைச்சு நாலு மணித்தியாலத்துக்குள்ள பாவிச்சு முடிங்க.

பழைய ட்ரான்ஸ்போமர் மெசின்ல 7018 ஒழுங்கா எரியாது, ஒட்டி ஒட்டி நிக்கும். இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின் உள்ள பட்டறைக்குப் போங்க. ரொட்டை மெசின்ட பிளஸ் முனையில கொழுவி, 3.2 மில்லிமீற்றர் ரொட்டுக்கு 110 அம்பியரளவில தொடங்கச் சொல்லுங்க.

போன வருசம் வெடிப்புக்கு மேலால பூசித்தான் விட்டிருப்பாங்க எண்டு நினைக்கிறன். பெயின்ற், துரு எல்லாம் உரசி எடுத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்க. நல்லாத் துடைச்சுப்போட்டு வெள்ளைச் சோக்கைத் தேயுங்க. வெடிப்புக்குள்ள நிண்ட எண்ணெய் சோக்கில கறுப்புக் கோடா ஊறி வரும். அந்தக் கோடு முடியிற இடத்துக்குச் சற்று அப்பால 6 மில்லிமீற்றர் துளை போடுங்க, இல்லாட்டி வெடிப்பு அடிக்கிற சூட்டிலேயே ஓடும். மறுகா பழைய ஒட்டையும் சேர்த்து கிரைண்டரால வீ மாதிரி வெட்டி, அடி வரைக்கும் வெடிப்பை எடுத்துப்போட்டு நிரப்பவேணும். முன்பக்கம் அடிச்ச பிறகு பின்பக்கத்தையும் சுத்தமான இரும்பு தெரியக் கிண்டி அடிக்கவேணும். கடைசியா அந்தத் துளையையும் நிரப்புங்க.

கல்முனைத் தம்பி:
சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொல்றது சின்ன மெசினுக்குச் சரி. நான் அடிக்கிறது 350 அம்பியர் மெசின், 1.2 கம்பி, பட்டறைக்குள்ள வெச்சு. அப்படி ஒண்டு கிடைச்சா சீஓடூவும் தாங்கும். வெட்டித் திறக்கிற வேலை எதில அடிச்சாலும் ஒண்டுதான்.

படுவான்கரை உழவன்:
காக்கா, சோக் தேய்ச்சுப் பார்த்தன். கண்ணுக்குத் தெரிஞ்சதை விடக் கோடு ரெண்டு விரற்கடை மேல போகுது. வலப்பக்கச் சனல்லயும் அதே குறுக்குத் தகட்டு ஓரத்தில மயிர் மாதிரி ஒண்டு. வளையம் சுத்தம். ஒட்டினதுக்கு மேல ஒரு தகடு வெச்சு அடிச்சா பலமா?

சம்மாந்துறைப் பட்டறை:
ரெண்டு பக்கமும் அதே ஓரத்தில விட்டிருந்தா குறை அந்தக் குறுக்கு ஒட்டிலதான். சனல் விளிம்புக்குக் குறுக்கால போற ஒட்டு அந்த இடத்தை அறுக்கும். குறுக்குத் தகட்டைக் கழட்டி, விளிம்பைத் தொடாம நடுச்சுவரில மட்டும் திருப்பிப் பொருத்துங்க. வலப்பக்கத்தையும் இப்பவே திறந்து அடிங்க, சின்னன் எண்டு விடாதீங்க.

மேல்தகடு வைக்கலாம். முதல்ல ஒட்டை மட்டமா உரசுங்க. தகடும் 6 மில்லிமீற்றருக்கு மேல வேணாம், நடுச்சுவரில, ரெண்டு முனையும் கூராச் சரிச்சு வெட்டினதா இருக்கவேணும். நீளப்பக்கம் மட்டும் அடிங்க, முனையில குறுக்கால அடிக்காதீங்க. ஆறத் தண்ணி ஊத்த விடவேணாம். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப மண்ணெண்ணெயும் சோக்கும் போட்டுப் பாருங்க, ஐதரசன் வெடிப்பு பிந்தித்தான் வரும். கோடு இல்லாட்டி மூட்டை ஏத்துங்க.