காற்று வேக ஏபிஐ: ஸ்டேட்டஸ் 200, உள்ளே பிழை. வழி சொல்லுங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் போகிறவர்களுக்குக் காற்று வேகத்தைத் தமிழில் காட்டும் சின்ன ஆப் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் நண்பர்களே, தரவு ஒரு வானிலை ஏபிஐயிலிருந்து (ஆப் கேட்டால் தரவு அனுப்பும் இணையச் சேவை) வருகிறது. பதிலோடு வரும் ஸ்டேட்டஸ் எண் 401 என்றால் கீ (அனுமதிச் சாவி) பிரச்சினை, 429 வந்தால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டோம், பதிலில் ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் (எப்போது மறுபடி கேட்கலாம் என்ற குறிப்பு) இருந்தால் அதில் சொன்ன நேரம் வரை பொறுக்க வேண்டும், அதெல்லாம் சரி. குழப்பம் எங்கே என்றால், சில சமயம் ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரி) என்றே வருகிறது, ஆனால் ஜேசானுக்குள் (தரவு வரும் வடிவம்) ஒரு பிழைச் செய்தி, காற்று வேகம் இருக்க வேண்டிய இடத்தில் 'null', அதாவது மதிப்பே இல்லை. இன்னும் சில சமயம் 503-உடன் (சர்வர் இப்போதைக்குப் பதில் தர முடியாத நிலை) ஜேசானுக்குப் பதில் ஹெச்டிஎம்எல் பக்கம் வந்து, ஆப் அதைப் படிக்கும் பார்ஸிங்கே உடைகிறது. அந்த 'null'-ஐ ஆப் பூஜ்யமாகக் காட்டிவிட்டால் கடல் அமைதி என்று நம்பிக் கிளம்பிவிடுவார்கள், எனக்கு அதுதான் பயம்.

503-க்கு இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், கொஞ்சம் ரேண்டமும் சேர்த்து மறுபடி கேட்கிறேன். 200-க்குள் இருக்கும் பிழைக்கும் அதே மாதிரி மறுபடி கேட்கலாமா, இல்லை 400 (கேட்ட விதமே தவறு) போல எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவதா? அப்புறம், பழைய தரவை நேரம் போட்டு எவ்வளவு நேரம் வரை காட்டலாம்? கரை தாண்டினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், டைம்அவுட்டையும் (பதில் வராமல் நேரம் முடிவது) சர்வர் பிழையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஃப்ளட்டரில் (மொபைல் ஆப் செய்யும் கருவி) செய்தவர்கள் நிரலைக் காட்டினால் பெரிய உதவி.